ஊரின் நாடி: ஆயுர்வேத ஆய்வுக்கு வரும் இளம் மருத்துவருக்கு

சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்தில் மூன்றாம் அத்தியாயம், ஒரு நாட்டையே ஒருசேர அழிக்கும் கொள்ளைநோயைப் பற்றியது. ஜனபதோத்வம்சம் என்று அதற்குப் பெயர். பாஞ்சால நாட்டின் காம்பில்ய நகரை ஒட்டிய கங்கைக் கரைக் காட்டில், கோடையின் கடைசி மாதத்தில், ஆத்ரேயர் தம் மாணவர் அக்னிவேசரோடு பேசிச் செல்வதாக அது அமைந்திருக்கிறது. அக்னிவேசரின் கேள்வி கூர்மையானது. உடல்வாகு, உணவு, வலிமை, வயது என எல்லாவற்றிலும் வேறுபட்ட மக்கள் ஒரே சமயத்தில் ஒரே நோயில் மடிவது எப்படி? ஆளுக்கு ஆள் தோஷத்தைப் பிரித்தறிவதையே அடிப்படையாகக் கொண்ட மருத்துவத்தை அசைத்துப் பார்க்கும் கேள்வி இது. ஆத்ரேயர் நழுவவில்லை. காற்று, நீர், நிலம், பருவம் ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொது. அவை கெட்டால் உடல்வாகு காப்பாற்றாது என்கிறார். அவை கெடுவதன் வேர் அதர்மம் என்றும், நாட்டையும் நகரத்தையும் நடத்தும் தலைவர்கள் நெறி தவறும்போது அது கீழே உள்ளவர்களிடமும் பரவிப் பெருகுகிறது என்றும் சொல்கிறார்.

இந்த அத்தியாயத்தைக் கிருமிக் கொள்கையின் முன்னோடி என்று கொண்டாடுவது தவறு. கிருமி நீர்வழியே பரவும் விதம் அதில் இல்லை. சமய நம்பிக்கை என்று ஒதுக்குவதும் அதே அளவு தவறு. நோயின் காரணத்தை உடலுக்கு வெளியே, எல்லோரும் பங்கிடும் பொருள்களில் தேடவும், அவற்றைக் காக்கும் பொறுப்பை ஆள்பவர்மீது வைக்கவும் மருத்துவனுக்கு அது கற்றுக்கொடுத்தது. கெட்ட நீரின் அடையாளங்களாக நாற்றம், நிறமாற்றம், வழுவழுப்பு, நீர்வாழ் உயிர்கள் அருகுதல், பறவைகள் விலகிப் போதல் ஆகியவற்றை அது பட்டியலிடுகிறது. குளக்கரையில் நின்று பார்த்தவர்கள் எழுதிய குறிப்பு அது. நிலம் கெடுவதற்கு முன்பே மூலிகைகளைச் சேகரித்து வைக்க வேண்டும் என்ற அறிவுரையும் அங்கேதான் வருகிறது. ஆயுர்வேதத்தில் பொதுச்சுகாதாரம் பேச விரும்பும் இளம் மருத்துவர் முதலில் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஆனால் கல்லூரிகளில் ஆய்வு என்றால் பெரும்பாலும் ஒரு மூலிகை, ஒரு நோய், சில நோயாளிகள் என்ற அச்சே நிலைத்துவிட்டது. அந்த அச்சுக்குப் பெருமையான வரலாறு உண்டு. கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தா இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 1931இல் எழுதினார்கள். மும்பையின் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் அதைப் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் உறுதிப்படுத்தினார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அந்த வெற்றிக்குப் பிறகு, மூலிகையிலிருந்து மருந்து எடுப்பது ஒன்றே ஆய்வு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஊருக்குப் பொதுவான நீரையும் நிலத்தையும் பற்றிச் சம்ஹிதைகள் சொன்னவை பாடத்தில் மட்டும் தங்கின. இது பெரிய இழப்பு.

நீரை எடுத்துக்கொண்டால் இழப்பின் அளவு விளங்கும். மழைக்காலத்தில் மழைநீரையோ, காய்ச்சி ஆற்றிய கிணற்று நீரையோ குளத்து நீரையோ குடிக்கச் சொல்கிறது சரகம். கலங்கிய நீரைத் தெளியவைக்கும் ஏழு பொருள்களைச் சுசுருத சம்ஹிதை சொல்கிறது. அவற்றில் கதகம் என்னும் தேற்றாங்கொட்டையும் துணியும் உண்டு. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளியவைப்பது தமிழக ஊர்களுக்கும் பழக்கமானதே. கலங்கல் படிவதோடு கிருமிகளில் ஒரு பகுதியும் படியும். ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அல்ல என்பதை மருத்துவர் நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டும்.

துணியின் கதை இன்னும் ஆழமானது. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் ரீட்டா கால்வெல்லும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய களஆய்வு 2003இல் வெளிவந்தது. பழைய புடவையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிகட்டிய வீடுகளில் காலரா 48 சதவீதம் குறைந்தது. காலராக் கிருமி நீரில் வாழும் மிகச் சிறிய உயிரிகளோடு ஒட்டிக்கொள்கிறது. மடித்த துணியின் இழைகள் அந்த உயிரிகளைத் தடுத்துவிடுகின்றன. இது ஆயுர்வேதத்திலிருந்து பிறந்த ஆய்வு அல்ல. ஆயினும், வீட்டில் கிடக்கும் ஒரு பொருளைப் பழைமை என்பதற்காக ஏற்காமலும் தள்ளாமலும், ஊர் ஊராக வைத்துச் சோதிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆய்வின் அலகு இங்கே நோயாளி அல்ல, கிராமம்.

செம்புப் பாத்திரத்தைப் பற்றிய ஆய்வு ஆயுர்வேத வழக்கத்திலிருந்தே கிளம்பியது. பெங்களூருவின் மரபு மருத்துவ ஆய்வாளர்களும் கொல்கத்தாவின் தொற்றுநோய் ஆய்வாளர்களும் சேர்ந்து அதை 2012இல் வெளியிட்டார்கள். காலரா, டைபாய்டு, சீதபேதி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களை ஒரு மில்லிலிட்டருக்கு 500 என்ற அளவில் நீரில் கலந்து, செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு வளர்த்துப் பார்த்தபோது எதுவும் முளைக்கவில்லை. நீரில் கரைந்த செம்பு லிட்டருக்கு சுமார் 0.18 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம். நூலிலும் வீட்டிலும் இருந்த ஒரு வழக்கம் எண்ணும் அளவும் உள்ள உண்மையாக மாறியது இப்படித்தான்.

அதன் எல்லையையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். அது ஆய்வுக்கூட முடிவு. சாக்கடை கலந்த நீரில் கிருமி பல மடங்கு இருக்கும். ஃபுளோரைடையும் ஆர்சனிக்கையும் செம்பு நீக்காது. மோரையோ எலுமிச்சைச் சாற்றையோ செம்பில் வைத்தால் புளிப்பு செம்பை அதிகமாகக் கரைத்துவிடும். செம்புக் குடத்தின் விலை கூலி வீட்டுக்கு எளிதல்ல. நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே போய் செம்பின் பெருமை பேசி நிறுத்திக்கொள்பவர் மக்களுக்கு உதவியவர் ஆகமாட்டார்.

அந்தத் தெருவில் மருத்துவரின் வேலை குழாயிலிருந்து தொடங்க வேண்டும். இடைவிட்டு நீர் வரும் ஊர்களில், நீர் நிற்கும் நேரத்தில் குழாயின் அழுத்தம் விழுகிறது. விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை நீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. மறுமுறை நீர் திறக்கும்போது முதல் குடத்திலேயே நோய் வந்துவிடுகிறது. மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர், வயது, நாடி, மருந்து ஆகியவற்றோடு தெரு, வார்டு, குடிநீர் வரும் வழி, கடைசியாக நீர் வந்த நாள் என்ற கூடுதல் பத்திகள் இருந்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரே வாரத்தில் ஒரே தெருவிலிருந்து காமாலையும் காய்ச்சலும் வந்தால் அது ஊரின் நாடி. கஷாயம் எழுதிக் கொடுத்துவிட்டு அதை மூடிவைப்பது மருத்துவக் கடமையில் பாதியை விட்டுவிடுவதாகும்.

பதிவு கிடைத்த பிறகு அதைக் கொண்டுசேர்க்கும் வழிகள் உள்ளன. 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்துக்கு மாவட்டந்தோறும் அலுவலகம் உண்டு. குழாயின் கடைசி முனையில் குளோரின் மிச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மலக்கலப்பைக் காட்டும், நீர் கறுத்துவிடும் எளிய குப்பிச் சோதனையை இந்திய ஆய்வாளர்கள் 1982இலேயே வெளியிட்டுவிட்டார்கள். நீர்ச் சோதனை முடிவுகளை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டு வாங்கலாம். 1992இன் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பொதுச்சுகாதாரத்தையும் துப்புரவையும் நகராட்சிப் பணிகளின் பட்டியலில் வைத்தது. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் குழுவின் முன் தேதியோடும் தெருப்பெயரோடும் ஒரு தாளை வைக்கும் மருத்துவரின் சொல்லுக்கு, மேடையில் பாரம்பரியம் பேசுபவரின் சொல்லைவிட எடை அதிகம்.

ஊரைக் கேள்வி கேட்பவர் தம் மருந்தையும் கேள்வி கேட்க வேண்டும். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் 2004இல் வெளியிட்டது. இதை ஆயுர்வேதத்தின்மீதான தாக்குதல் என்று மட்டும் பார்த்தவர்கள் ஒரு பெரிய வாய்ப்பை விட்டார்கள். பற்பங்களில் உலோகம் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். ஆனால் வெறும் மூலிகை மருந்திலும் உலோகம் வரும் வழி உண்டு. நீர்ப்பிரமி ஈர ஓடைகளில் வளரும் செடி. மண்ணிலும் நீரிலும் உள்ள கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. ஆலைக் கழிவு ஓடும் வாய்க்காலில் பறித்தால், நினைவாற்றலுக்குக் கொடுத்த மருந்தே ஈயத்தையும் கொடுக்கும். மூலிகை மருந்தில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக் கூடாது என்பது இந்திய வரம்பு. மருந்து வாங்கும்போது ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனைச் சான்றைக் கேட்டு, வரம்பைத் தாண்டியதைத் திருப்பி அனுப்ப வேண்டும். மூலிகை எந்த ஊரில் பறிக்கப்பட்டது என்றும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அந்த ஊரின் வாய்க்காலைப் பற்றிய புகாரும் அதே கோப்பில் சேரட்டும்.

ஆய்வைத் தொடங்கும்போது அளவு சிறியதாக இருக்கலாம்: ஒரு வார்டு, ஒரு மழைக்காலம், இரண்டு தெருக்கள். காய்ச்சிய நீர், வடிகட்டிய நீர், செம்பு நீர் ஆகியவற்றை எத்தனை வீடுகள் மூன்றாம் மாதத்திலும் பின்பற்றுகின்றன என்பதே முதலில் தெரிய வேண்டியது. மத்லபில் ஐந்து ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது 31 சதவீதம் பெண்கள் இன்னும் நீரை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று கேட்டறிவதும் ஆய்வே. விறகா, நேரமா, நம்பிக்கையா என்ற விடை வீட்டுப் பெண்களிடம் மட்டுமே இருக்கிறது. மனித ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டிய பதிவும் வேண்டும். பயன் இல்லை என்று முடிவு வந்தாலும் அதை அச்சில் கொண்டுவர வேண்டும். ஒரு பிரதி மருத்துவ இதழுக்கும், இன்னொன்று எளிய தமிழில் வார்டு குழுவுக்கும் போக வேண்டும்.