பில் என் பெயரில் போடுங்க

மாற்றுத்திறனாளி மாணவருக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டால், வீட்டிலும் வெளியிலும் ஒரே யோசனைதான் கிடைக்கும்: "பணம் வரட்டும், அப்புறம் லேப்டாப் வாங்கிக்கலாம்." நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் செமஸ்டர் யாருக்காகவும் நிற்பதில்லை. அச்செழுத்து என் கண்ணுக்குப் பிடிபடாமல் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. காரைக்குடியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். கணினி வாசித்துச் சொன்னால்தான் எனக்குப் பாடம்.

ஆகவே பணம் எப்போது வரும் என்று அலைவதற்கு முன்னால், அது எந்த உருவத்தில் வரும் என்று விசாரித்தேன். காத்திருப்பதா, வாங்கிவிடுவதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

சில உதவிகள் பொருளாகவே வரும். 2011-இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினி அப்படி. 2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்ததும் அப்படித்தான். அங்கே உங்கள் கடை பில்லுக்கு வேலையே இல்லை. சில உதவிகள் தொகையாக வங்கிக் கணக்கில் விழும். தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குக் கிடைக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இந்த ரகம். மூன்றாவது ரகத்தில்தான் கவனம் வேண்டும். செலவு செய்துவிட்டுக் கணக்குக் காட்டினால் திருப்பித் தருவார்கள். ஐ.ஐ.டி. போன்ற, அரசு பட்டியலிட்ட நிறுவனங்களில் படிப்பவர்களுக்கான 'டாப் கிளாஸ்' உதவித்தொகையில் கணினிச் செலவுக்கு இடம் உண்டு. அங்கே பில்லின் தேதி முக்கியம். அனுமதிக்கு முந்தைய தேதியில் இருக்கும் பில் செல்லுமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இங்கிலாந்தில் குடியேறிய நம்மவர் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான். அங்கே மாற்றுத்திறனாளி மாணவர் படித்தொகையில், என்ன கருவி தேவை என்று முதலில் ஒருவர் உட்கார்ந்து மதிப்பிடுவார். கணினி என்றால் முதல் 200 பவுண்டு மாணவரின் கைக்காசு. அவசரப்பட்டு முன்னதாகவே வாங்கினால் அந்தச் செலவு பெரும்பாலும் திரும்பாது. அங்கே இருந்திருந்தால் நானும் காத்துத்தான் இருந்திருப்பேன்.

எனக்கு வரவேண்டியது தொகையாக வருவது. சிவகங்கை கலெக்டர் ஆபீஸுக்குப் போனபோதும் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். "இதுக்கு லேப்டாப் பில்லெல்லாம் வேணாம் தம்பி. ஆனா பில்லைத் தூக்கிப் போட்டுறாதீங்க, வேற திட்டத்துக்கு ஆகும்" என்றார் அங்கிருந்த ஊழியர். அம்மா கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போடப் போகிறவர். அவர் போட்டிருந்த சீட்டை எடுத்து வாங்கிவிடுவது என்று முடிவானது.

விண்ணப்பம் நகரவில்லை என்றால் எங்கே நிற்கிறது என்று தேசிய உதவித்தொகை இணையதளத்திலேயே பார்க்கலாம். முதல் சரிபார்ப்பு கல்லூரியில், அதற்கு மேல்தான் அரசுத் துறை. கல்லூரி மட்டத்திலேயே நின்றுகொண்டிருக்கும் விண்ணப்பத்துக்காக சிவகங்கைக்கு பஸ் ஏறிப் பயனில்லை. இன்னொன்று, வங்கியில் ஆதாரைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழ ஆதாரோடு கணக்கைத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தில் (என்.பி.சி.ஐ.) இணைத்திருப்பது வேறு. வங்கிக்குப் போனால் இரண்டாவதைக் கேளுங்கள்.

சீட்டுப் பணம் கைக்கு வரும்வரை சும்மா இருக்கவில்லை. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் முற்றிலும் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டேயுடன் சேர்ந்து வளர்த்த மென்பொருள்; இருவரும் பார்வையற்றவர்கள். இதை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டால் பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் செருகி ஓடவிடலாம், அந்தக் கணினியில் நிறுவ வேண்டியதில்லை. கல்லூரி லேப், பக்கத்து வீட்டு அக்கா பிளஸ் டூவில் வாங்கிய பழைய அரசு லேப்டாப் என்று எல்லாவற்றிலும் என் பென்டிரைவ் போய் வந்தது. அந்தப் பழைய லேப்டாப்பில் ஒரு விசையைத் தட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் பதில் சொல்லும். புதிதாக வாங்கும்போது எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதை எனக்குக் காட்டியது அதுதான்.

செக்காலை ரோட்டில் ஒரு கடை. விற்பனைப் பையன் நல்லவன், ஆனால் திரையைத்தான் விற்றான். "ஃபுல் எச்டி சார், கலர் சும்மா அள்ளும்." எனக்கு எதற்குக் கலர்? நான் திரை வெளிச்சத்தைப் பூஜ்யத்தில் வைத்து ஓட்டுபவன், பேட்டரியாவது நிற்கும். கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். விண்டோஸிலேயே இருக்கும் 'நரேட்டர்' பேசத் தொடங்கியது. கடையில் வைத்திருக்கும் மாதிரிகளில் பெரும்பாலும் ஒலியை அமர்த்தி வைத்திருப்பார்கள், அதை முதலில் கூட்டச் சொல்லுங்கள். பிறகு நோட்பேடைத் திறந்து வேகமாகத் தட்டிப் பாருங்கள். விரல் போகும் வேகத்துக்குக் குரல் வந்தால் சரி. குரல் பின்தங்கி இழுத்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். 8 ஜிபி ராம், எஸ்.எஸ்.டி., ஐ3 அல்லது ரைசன் 3 அளவு புராசசர் இருந்தால் எழுத்து, வாசிப்பு, இணையம் எல்லாம் ஓடிவிடும். தொடுதிரைக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கொடுக்கும் காசு எங்களைப் போன்றவர்களுக்கு வீண்.

கீபோர்டை மட்டும் நிதானமாகத் தடவிப் பார்க்க வேண்டும். எஃப், ஜே விசைகளின் மேடு விரலுக்குத் தெரிகிறதா? என்.வி.டி.ஏ. கட்டளைகளுக்கு வேண்டிய இன்சர்ட் தனி விசையா, வேறொன்றோடு ஒட்டிக்கிடக்கிறதா? இல்லையென்றாலும் கேப்ஸ் லாக்கை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அன்று ஒரு மாடலை நான் ஒதுக்கியதற்கு ஒரே காரணம், அதில் பவர் பட்டன் டெலிட்டுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், அதே வழவழப்பில் இருந்தது. கட்டுரையின் நடுவே கை தவறினால் கணினி தூங்கப் போய்விடும். கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பையன் அந்த இடத்தைத் தானும் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா சார், இது நானே கவனிச்சதில்லை" என்றான்.

மலிவு மாடல்கள் சிலவற்றில் விண்டோஸ் 'எஸ் மோட்' என்று வரும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே உள்ள எதையும் நிறுவ முடியாது, என்.வி.டி.ஏ.வும் ஏறாது. காசில்லாமல் அதிலிருந்து வெளியே வரலாம், திரும்பப் போக முடியாது, போக வேண்டியதும் இல்லை. குரோம்புக்கைத் தள்ளிவிடப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டு "வேண்டாம்" என்றுவிட்டேன். அதற்குத் தனித் திரைவாசிப்பான் உண்டு, ஆனால் நான் பழகியது வேறு.

தவணையில் வாங்குவதாக இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. கடன் அட்டை அண்ணன் பெயரிலோ மாமா பெயரிலோ இருக்கும், பில்லும் அவர் பெயரிலேயே வந்துவிடும். நாளைக்கு எந்த அலுவலகத்திலாவது அதைக் காட்ட வேண்டி வந்தால், மாணவர் பெயர் இல்லாத பில் வெறும் காகிதம். நான் ரொக்கமாகக் கொடுத்தேன். ஜி.எஸ்.டி. பில்லில் என் பெயர், அடையாள அட்டையில் உள்ள அதே முன்னெழுத்து, லேப்டாப்பின் சீரியல் எண், மூன்றையும் போடச் சொல்லி, அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வைத்தேன், கடை பில்லின் எழுத்து நாளாவட்டத்தில் மங்கிவிடும். புதுப்பித்த பழைய லேப்டாப்புகளில் கீபோர்டு அருமையாக இருப்பதுண்டு, விலையும் குறைவு. முறையான பில் கிடைத்தால் அதையும் தாராளமாக யோசிக்கலாம்.

லேப்டாப் வந்ததும் விண்டோஸ் அமைப்புகளில் தமிழ்க் குரல் ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் அதற்கு வைத்திருக்கும் பெயர் வள்ளுவர். எம்.ஏ. தமிழ் படிக்கிறவனுக்கு வள்ளுவரே வாசித்துக் காட்டுகிறார்! என்.வி.டி.ஏ.விலும் அந்தக் குரலைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் வள்ளுவரே திணறும் இடம் ஒன்று உண்டு. இன்னமும் பல பாடக்குறிப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சாகின்றன. திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கள். எனக்கு அது "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று கேட்கும். என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் போட்டால் யூனிகோடாக மாறி, தமிழாகவே வாசிக்கும். ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு அதுவும் உதவாது, அவை வெறும் படங்கள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள் சென்னையில் ஒரு பெரிய நூலகமாகவே நிற்கின்றன. அப்படிப்பட்ட பழைய புத்தகம் ஸ்கேன் படமாக வந்தால் எனக்கு அது ஊமை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பின் யூனிகோடு நூல்களோ வரி விடாமல் பேசுகின்றன. ஆகவே பேராசிரியர்களிடம் ஜெராக்ஸ் வாங்காமல், அவர்கள் தட்டச்சு செய்த கோப்பையே கேளுங்கள். வகுப்பு தொடங்கிய வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். தேர்வு நெருங்கியபின் கேட்டால் ஜெராக்ஸ்தான் கைக்கு வரும்.