குளிர்காலச் சமையல் ஆலோசனை: ரின் தக்காளி சூப்பை நீட்டிக் காய்ச்சுங்கள்

ஜனவரி பிறந்துவிட்டது. ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் சூடாக ஏதாவது குடிக்க வேண்டும்போல் இருக்கும். அலுமாரியில் இருக்கும் ரின் தக்காளி சூப் அப்போது கைகொடுக்கிறது. அதை வீசுங்கள் என்று சொல்ல வரவில்லை. உணவு வங்கியில் கிடைத்ததோ மலிவு விற்பனையில் வாங்கியதோ, வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே தண்ணீர் விட்டுச் சூடாக்கிக் குடிப்பதை மட்டும் இந்தக் குளிர்காலத்தோடு நிறுத்துங்கள்.

காரணம் உப்பு. ரின்னைத் திருப்பி, லேபிளில் சோடியம் என்ற வரியைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள விழுக்காடு 5 அல்லது அதற்குக் குறைவு என்றால் கொஞ்சம். 15 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். உப்பு, சீனி, நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பொதி உணவுகளின் முகப்பில் பூதக்கண்ணாடிச் சின்னம் இருக்க வேண்டும் என்ற கனடாவின் விதி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. லேபிளில் உள்ள சோடியம் விழுக்காடு எந்த அளவுக்கு உரியது என்பதையும் கவனியுங்கள். பல ரின்களில் அரைக் கோப்பைக்குக் கணக்கு எழுதியிருக்கும். நாம் குடிப்பதோ அதைவிடக் கூட.

ரின்னுக்குள் போன உப்பை வெளியே எடுக்க வழியில்லை. பல கிண்ணங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அதற்கு, அரைக் கோப்பை மைசூர்ப் பருப்பைக் கழுவி, இரண்டு கோப்பைத் தண்ணீரில் சிட்டிகை மஞ்சளுடன் அவியவிடுங்கள். ஊறவைக்கத் தேவையில்லை, கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். தக்காளியை முதலிலேயே போட்டுவிடாதீர்கள். புளிப்பு பட்டால் பருப்பு அவியப் பிந்தும். பருப்பு மசிந்ததும் 284 மில்லிலீட்டர் சூப் ரின் ஒன்றும், உப்புச் சேர்க்காத 796 மில்லிலீட்டர் தக்காளி ரின் ஒன்றும் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். இன்னொரு அடுப்பில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சீரகம், தட்டிய உள்ளி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, மிளகைப் பொடித்துத் தூவுங்கள். எண்ணெய்க்குப் பயந்து தாளிதத்தை விட்டுவிட வேண்டாம். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோப்பீன் கொழுப்போடு சேரும்போதுதான் உடலில் நன்றாகச் சேரும். கிரீம் வேண்டாம், தடிப்பைப் பருப்பே கொடுத்துவிடும். உப்புப் போடவே வேண்டாம். சப்பென்று பட்டால் இறக்கியபின் தேசிப்புளி விடுங்கள். புளிப்பு ஏறினால் நாக்கு உப்பைத் தேடுவது குறையும்.

இப்படிக் காய்ச்சினால் ஆறு கிண்ணம் வரும். சூப் ரின் முழுவதிலும் 1200 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேர் பகிர்ந்து குடிக்கையில் ஆளுக்கு 600. ஆறு கிண்ணமாக்கினால் கிண்ணத்துக்கு ஏறக்குறைய 200.

ரின்னுக்குப் பதிலாகப் புதிய தக்காளிப்பழம் போட்டால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். ஓகஸ்ட் மாதத்தில் போடுங்கள். இப்போது கடையில் இருப்பவை பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவை அல்லது கண்ணாடி வீட்டில் விளைந்தவை. விலைக்கேற்ற ருசி இல்லை. இங்கே ரின்னில் அடைக்கும் பழமோ, லெமிங்ரன் போன்ற தென்மேற்கு ஒன்ராறியோ வயல்களில் கோடை முடிவில் செடியிலேயே பழுத்துப் பறிக்கப்படுவது. குளிர்காலத்தில் என் தெரிவு அதுதான்.

கடையில் வாங்கிய ரின்களை இரவு முழுக்கக் காருக்குள் விட்டுவிடாதீர்கள். உறைந்து வீங்கினால் மூட்டு விட்டுப்போகும். வீங்கியது, கசிவது, மூட்டோரம் நசுங்கியது எதையும் ருசிபார்க்காமல் குப்பையில் போடுங்கள். திறந்த ரின்னில் மிச்சத்தை வைக்க வேண்டாம். கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கோதுமை ஒவ்வாதவர்கள் சூப் ரின்னின் சேர்மானப் பட்டியலைப் படித்த பிறகே வாங்க வேண்டும். பலவற்றில் தடிப்புக்குக் கோதுமை மா இருக்கிறது. சிறுநீரக நோயாளிகளுக்குத் தக்காளியிலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியம் ஆகாமல் போகலாம். உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் குளோரைட் அவர்களுக்கு இன்னும் ஆபத்து. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மருத்துவரிடமோ உணவியலாளரிடமோ கேட்டுவிட்டே இந்தச் சூப்பைக் கொடுங்கள்.