ஒமேலாஸை விட்டுப் போகிறவர்கள்

கேள்வி: மனதைக் கனக்க வைத்தாலும் நம்பிக்கையைத் தரும் மிகைபுனைவுச் சிறுகதை ஒன்றைச் சொல்லுங்களேன்?

பதில்: அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் எழுதி 1973இல் வெளியான ‘ஒமேலாஸை விட்டு வெளியேறுபவர்கள்’ கதையைத் தயங்காமல் சொல்லலாம். மறு ஆண்டே ஹியூகோ விருது பெற்ற கதை இது.

கோடை விழா, குதிரைப் பந்தயம், மணியோசை என்று ஒமேலாஸ் நகரம் களைகட்டியிருக்கிறது. அரசன் இல்லை, அடிமை இல்லை. ஆனால் நகரத்தின் நிலவறை ஒன்றில், ஜன்னலே இல்லாத இருட்டறையில் ஒரு குழந்தை அடைபட்டுக் கிடக்கிறது. பத்து வயதை நெருங்கியும் ஆறு வயதுபோல் மெலிந்த உடம்பு. மூலையில் நிற்கும் தரை துடைப்பான்களைக்கூடப் பார்த்து அது நடுங்குகிறது. அதனிடம் யாரும் ஓர் அன்பான சொல் பேசக் கூடாது. பேசினால் ஊரின் செழிப்பு அத்தனையும் அன்றே அழியும்.

ஊரார் எல்லோருக்கும் இது தெரியும். இதில்தான் கதை நெஞ்சை உலுக்குகிறது.

நம்பிக்கை எங்கே? குழந்தையைப் பார்த்துவிட்டு வரும் சிலர் வீடு திரும்புவதில்லை. தன்னந்தனியாக ஊரைவிட்டே போய்விடுகிறார்கள். குழந்தையின் துயரத்தில் நிற்கும் அந்தச் சுகத்தை உதறவும் மனிதரால் முடியும் என்பதே கதை தரும் வெளிச்சம்.

விலகிப் போனால் குழந்தைக்கு என்ன விடிவு என்று கேட்ட வாசகர்களும் உண்டு. எழுத்தாளர் என். கே. ஜெமிசின் அதற்கு ஒரு கதையாலேயே பதில் எழுதினார்: ‘தங்கிப் போராடுபவர்கள்’. அது 2018இல் வந்த அவரது தொகுப்பில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள்.