சூடாக்கியின் வடிகட்டி: எதை வாங்குவது, எப்போது மாற்றுவது?

ஒரு மூடை மாவில் வண்டு கண்டால் அன்றே அதை விலக்கி வைக்கிறோம். குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையைத் தினமும் பார்க்கிறோம். தராசைச் சரிபார்க்கிறோம். ஆனால் வீட்டு நிலக்கீழ் அறையில் பனிக்காலம் முழுவதும் இரவு பகலாக உழைக்கின்ற சூடாக்கியை, பேர்னஸ் என்று நாம் சொல்லும் அந்தப் பெட்டியை, எம்மில் எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்? ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் கடை நடத்தும் அன்பர்களிடம் கேட்டால் பலர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம்.

சில வருடங்களுக்கு முன்னர், தைப்பொங்கல் வியாபாரம் மும்முரமாக நடந்த வாரம். அரிசி, சர்க்கரை, பயறு என்று சாமான் இறக்குவதிலேயே எமது கவனம் முழுவதும் இருந்தது. ஒருநாள் இரவு களஞ்சியத்திலிருந்து திரும்பினால் வீடு குளிர்ந்து கிடந்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை. பேரப்பிள்ளை இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். சூடாக்கி எரிவதும் சில நிமிடங்களில் அணைவதுமாக இருந்தது. வந்த தொழில்நுட்பவியலாளர் அதை நிறுத்தினார், பக்கத்து மூடியைத் திறந்தார், வடிகட்டியை வெளியே இழுத்தார். சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல ஒன்று வந்தது. "ஐயா, இதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டார். எமக்கு நினைவில்லை.

அந்த வெட்கத்தில் மறுநாளே கடைக்குப் போய், இருந்தவற்றில் விலை கூடியதையும் எண் கூடியதையும் வாங்கி மாட்டினோம். சில கிழமைகளில் அதே தொல்லை திரும்பவும் வந்தது. முதலில் அசட்டை, பிறகு அளவு மீறிய அக்கறை. இரண்டும் எம்மை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டன. அதன் பின்னர் விசாரித்துக் கற்றவற்றை இங்கே எழுதுகிறோம்.

வடிகட்டியின் வேலை

வீட்டுக் காற்றை ஒரு விசிறி குழாய் வழியாக உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்று முதலில் வடிகட்டியைக் கடக்கிறது. பின்னர் சூடான உலோக அறைகளின் மேற்புறமாக ஓடி, சூடேறி, மற்றக் குழாய்கள் வழியாக அறைகளுக்குப் போகிறது. எரிவாயு அந்த உலோக அறைகளுக்குள்ளே எரிகிறது. எரிந்த புகை தனிக் குழாய் மூலம் வெளியே போகிறது. வீட்டுக் காற்றும் எரிந்த புகையும் எங்கும் கலக்கக் கூடாது.

வடிகட்டி அடைபட்டால் காற்று குறைகிறது. காற்று குறைந்தால் உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அப்போது பாதுகாப்பு ஆழி சுவாலையை அணைத்துவிடுகிறது. ஆறியதும் மீண்டும் எரிகிறது. எமது வீட்டில் நடந்தது இதுதான். இது நாள்தோறும் நடந்தால் வருடக்கணக்கில் உலோகத்தில் வெடிப்பு விழக்கூடும். வெடிப்பு விழுந்தால் நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட்டு என்ற நச்சுவாயு வீட்டுக் காற்றில் கலக்கும் அபாயம் உண்டு. எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் இந்த வாயுவுக்கான எச்சரிப்பு மணி கட்டாயம் என்பதற்கு ஒன்ராறியோவில் 2013 இல் சட்டம் நிறைவேறியது. அந்த மணியையும் மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கோடையில் குளிரூட்டியும் இதே விசிறியைத்தான் நம்பியிருக்கிறது. அடைபட்ட வடிகட்டியால் அதன் குழாய்ச் சுருளில் பனிக்கட்டி படியும்.

எண் கூடினால் நல்லதா?

வடிகட்டிப் பெட்டியில் மேர்வ் என்று ஓர் எண் இருக்கும். 1 முதல் 16 வரை போகும். எண் கூடக் கூட நுண்ணிய தூசு அகப்படும். மலிவான கண்ணாடிநார் வடிகட்டி 1 முதல் 4 வரையில் நிற்கும். அது விசிறியைக் காக்கும், எமது நெஞ்சைக் காக்காது. மேர்வ் 8 வடிகட்டி, 3 முதல் 10 மைக்ரோன் அளவுத் துகள்களில் குறைந்தது 70 விழுக்காட்டைப் பிடிக்கும். மேர்வ் 13 அதே துகள்களில் 90 விழுக்காட்டைப் பிடிக்கும். அதைவிடச் சிறிய, 1 மைக்ரோனுக்கும் குறைந்த புகைத் துகள்களிலும் பாதியைப் பிடிக்கும். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அப்படியானால் எல்லோரும் 13 ஐ வாங்கலாமே என்று கேட்கலாம். மா அரிக்கும் அரிதட்டை நினைத்துப் பாருங்கள். கண் பெரிய அரிதட்டில் மா விரைவாக விழும், கட்டியும் சேர்ந்து விழும். கண் சிறியதில் நல்ல மா விழும், ஆனால் நேரமெடுக்கும், கையும் நோகும். வடிகட்டியிலும் அப்படித்தான். நுண்ணிய வடிகட்டி காற்றைத் தடுக்கும். பழைய சூடாக்கியின் விசிறி அந்தத் தடையைத் தாங்காது. நாம் வாங்கிய விலை கூடிய வடிகட்டி எமது வீட்டில் செய்தது அதுவே.

ஆனால் கண் சிறிய அரிதட்டையே பெரிதாகச் செய்தால் வேலை மீண்டும் விரைவாகும். 4 அல்லது 5 அங்குலத் தடிப்புள்ள வடிகட்டிகளின் இரகசியம் இதுதான். அவற்றின் மடிப்புகள் ஆழமானவை, பரப்பளவு கூட. ஆகவே நுண்ணிய துகளைப் பிடித்தாலும் காற்றை அவ்வளவு தடுப்பதில்லை. சூடாக்கி புதிதாகப் போடுவோர் இந்தத் தடிப்புக்கு இடம் விடச் சொல்லுங்கள்.

1 அங்குல வடிகட்டி மாட்டும் சாதாரண வீட்டுக்கு மேர்வ் 8 முதல் 11 வரை போதுமானது. வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருந்தால், அல்லது 2023 ஜூன் மாதம் போலக் காட்டுத்தீப் புகை நகரை மூடினால், 13 நல்லது. சூடாக்கி தாங்குமா என்பதைத் தொழில்நுட்பவியலாளர் காற்றழுத்தத்தை அளந்து சொல்வார். அதைக் கேட்டபின் வாங்குங்கள். சில உற்பத்தியாளர்களும் கடைகளும் எம்.பி.ஆர்., எஃப்.பி.ஆர். என்று தங்கள் சொந்த எண்களை அச்சிடுவதுண்டு. 1000 என்ற எண் 11 ஐவிடப் பெரிது என்று எண்ணி ஏமாற வேண்டாம். அவை வேறு வேறு அளவைகள். இறாத்தலையும் கிலோவையும் நாம் ஒன்றாக எண்ணுவோமா?

அளவு

பழைய வடிகட்டியின் விளிம்பில் 16x25x1 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அளவுகோலால் அளந்தால் கால் அங்குலம் வரை குறைவாக வரும். அது பிழையல்ல, பெயரளவு வேறு, உண்மை அளவு வேறு. சிறியதை மாட்டினால் இடைவெளியால் தூசு நேரே உள்ளே போகும். பெரியதை வளைத்துத் திணித்தாலும் அதே கதிதான்.

எப்போது, எப்படி?

1 அங்குல மடிப்பு வடிகட்டியை மாதம் ஒருமுறை பாருங்கள், 3 மாதத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். கண்ணாடிநார் என்றால் மாதாமாதம் மாற்ற வேண்டும். 4, 5 அங்குல வடிகட்டி 6 முதல் 12 மாதம் வரை உழைக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் அதன் காலம் முடிந்தது. ஆட்கள் கூடிய வீடு, நாய் பூனை உள்ள வீடு, திருத்தவேலை நடக்கும் வீடு என்றால் முன்கூட்டியே மாற்ற வேண்டி வரும். மிளகாய் வறுப்பதும் சாம்பிராணி போடுவதும் எமது வழக்கம். அவற்றை விடச் சொல்லவில்லை. வறுக்கும்போது குசினிப் புகைபோக்கி விசிறியைப் போடுங்கள்.

மாற்றும் முறை எளிது. சூடாக்கியை ஆழியில் நிறுத்துங்கள். பழையதை மெதுவாக இழுத்து உடனே பையில் போடுங்கள். புதியதன் விளிம்பில் உள்ள அம்புக்குறி காற்றுப் போகும் திசையை, அதாவது சூடாக்கியின் பக்கத்தைக் காட்ட வேண்டும். மூடியை இறுக்கமாக மூடி, பிறகு இயக்குங்கள். வடிகட்டி இல்லாமல் ஒருநாளும் ஓடவிட வேண்டாம். கழுவலாம் என்று எழுதியிராத வடிகட்டியைக் கழுவி மீண்டும் போடுவது சேமிப்பல்ல. மாற்றிய பின்னரும் சூடாக்கி அணைந்து அணைந்து எரிந்தால் உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பவியலாளரை அழையுங்கள். தெரிந்த பொடியன் குறைந்த காசுக்குப் பார்ப்பான் என்று விடும் விடயமல்ல இது.

வாடகை வீடும் கடையும்

எம்மவர் பலர் மேலே குடியிருந்து நிலக்கீழ் தளத்தை வாடகைக்குக் கொடுக்கிறோம். சூடாக்கி கீழே இருக்கிறது. மேலே உள்ளவர் கீழே உள்ளவர் மாற்றுவார் என்று நினைக்கிறார். கீழே உள்ளவர் அது வீட்டுக்காரரின் வேலை என்று நினைக்கிறார். இரண்டு குடும்பமும் அந்த ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன. பராமரிப்பு வீட்டுக்காரரின் பொறுப்பு. 24 மணி நேரத்துக்கு முன்னர் எழுத்தில் அறிவித்துவிட்டுப் போய் மாற்றிக் கொடுங்கள்.

கடையின் கூரைமேல் இருக்கும் சூடாக்கிக்கும் வடிகட்டிகள் உண்டு. மாவும் மிளகாய்த்தூளும் அட்டைப்பெட்டித் தூசும் பறக்கும் எமது கடைகளில் அவை விரைவாக அடைபடும். பல குத்தகை ஒப்பந்தங்களில் இந்தப் பராமரிப்புக் கடைக்காரரின் தலையிலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். பழுது வந்தபின் வாசித்துப் பயனில்லை.

நாம் இப்போது செய்வது இதுதான். சரியான அளவில் ஒரு பெட்டி வடிகட்டியை மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறோம். களஞ்சியத்தில் மூடைக்குத் திகதி எழுதுவது போல, மாட்டும்போது விளிம்பில் திகதி எழுதுகிறோம். மாதம் முதலாம் திகதி கடையில் இருப்புக் கணக்கு எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக நிலக்கீழ் அறைக்கு இறங்குகிறோம். இரண்டு நிமிட வேலை. இன்று இதை வாசித்து முடித்ததும் நீங்களும் ஒருமுறை கீழே இறங்கி, அந்த மூடியைத் திறந்து பாருங்கள்.