அளவியின் நுனியில் ஒரு குமிழி

உயர்தர இரசாயனவியல் செய்முறைக்கு வரும் எவரும் அளவியைத் தொடாமல் இருக்க முடியாது. 50 கன சென்ரிமீற்றர் கொள்ளும் நீண்ட கண்ணாடிக் குழாய் அது. அமில கார நியமிப்பில் எவ்வளவு அமிலம் இறங்கியது என்பதை அதில் வாசிக்கிறோம். உண்மையில் நாம் பார்ப்பது மேல்மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதை மட்டுமே. இறங்கிய திரவம் முழுவதும் குடுவைக்குள்தான் போனதா என்பதை அளவி சொல்லாது.

முதல் நியமிப்பில் எனக்கு 25.30 வந்தது. அதே கரைசல்களைப் பாவித்த என் தோழிக்கு 25.00. நான் காட்டியைக் குறை சொன்னேன். ஆசிரியை என் அளவியின் நுனியைக் காட்டி, "தொடங்கும்போது இதில் காற்று இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது, முடிவில் இல்லை. 0.30 கன சென்ரிமீற்றர் அமிலம் அந்தக் குமிழியின் இடத்தை நிரப்பப் போயிருந்தது. அதனால் லீற்றருக்கு 0.100 மூல் என்று வரவேண்டிய செறிவு 0.0988 ஆயிற்று.

ஆகவே நியமிப்பு தொடங்கும் முன்பே பாதி வேலை இருக்கிறது. அளவியைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவிய பின், நிரப்பப்போகும் கரைசலாலும் ஒருமுறை அலச வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் ஒட்டிய நீர் கரைசலை ஐதாக்கிவிடும். (குடுவையை மட்டும் கரைசலால் அலசக் கூடாது. இதைப் பரீட்சையில் மாற்றி எழுதுபவர்கள் நிறையப் பேர்!) பூச்சியத்துக்கு மேலாக நிரப்பி, திருகை முழுதாகத் திறந்து வேகமாக ஓடவிட்டால் குமிழி வெளியேறும். பிறகு புனலை எடுத்துவிட வேண்டும். அதிலிருந்து பின்னர் விழும் ஒரு சொட்டு வாசிப்பைக் குறைத்துக் காட்டும். அதன்பின் கண்ணை மட்டத்துக்கு நேராக வைத்து, குழிவின் அடியை வாசிக்கலாம்.

இதைப் படித்த வாரத்தில்தான் உம்மம்மாவின் இன்சுலின் பேனையை உற்றுப் பார்த்தேன். ஊசியைக் கழற்றாமலே மூடி வைத்திருந்தார். ஊசி பூட்டியபடி இருந்தால் அதன் வழியே காற்று உள்ளே போகும். பேனையோடு வந்த தாளில், ஒவ்வொரு முறையும் புது ஊசி பூட்டி, 2 அலகு திருப்பி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்துத் தட்டி, நுனியில் துளி வரும்வரை அழுத்திப் பார்க்கும்படி இருந்தது. "மருந்து வீணாகுது புள்ள" என்று உம்மம்மா அதைச் செய்வதில்லை.

கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த இன்சுலினில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு. அளவியிலிருந்து விழும் ஒரு துளி ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர், அதாவது 5 அலகு. வீணாவதாக அவர் பயந்த 2 அலகு அதில் பாதிகூட இல்லை. ஆனால் அதே துளியளவு காற்று பேனைக்குள் இருந்தால், குறையும் மருந்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பேனையின் சாளரமோ பூச்சியத்தையே காட்டும். அளவியில் தவறினால் மறுபடி நிரப்பலாம். உடம்பில் ஏற்றியதை அப்படிச் செய்ய முடியாது, குறைந்ததென்று நினைத்து நாமாக இன்னொரு ஊசி போடவும் கூடாது.

இப்போது காலையில் ஊசி பூட்டுவது நான். பேனையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளியைப் பார்ப்பவர் உம்மம்மா. துளி தெரிந்ததும், "வந்துட்டு" என்பார்.