231 ரூபாயில் எங்கே இருக்கிறது மாட்டுக்கறி?

கேள்வி: எங்கள் வீட்டில் 5 பேர். ஞாயிறானால் ஒரு கிலோ மாட்டுக்கறி எடுப்போம். அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் பற்றிப் படித்தேன். நகரத்தில் ஒரு ஆளுக்கு மாதம் முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்தே 231 ரூபாய்தானாம். அப்படியானால் மாட்டுக்கறிக்கு என்ன மிஞ்சும்? கணக்கெடுப்பு தப்பா, இல்லை நாங்கள்தான் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறோமா?
— ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: இரண்டும் இல்லை, அம்மா. நீங்கள் படித்த தொகை 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நாடெங்கும் 2,61,746 வீடுகளில் எடுத்த கணக்கிலிருந்து வந்தது. அப்போது நகரத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,459 ரூபாய். அதில் 3.57 சதவீதம் முட்டை, மீன், கறிக்குப் போனது. கிராமத்தில் 3,773 ரூபாயில் 4.91 சதவீதம், அதாவது 185 ரூபாய். ராஜஸ்தானில் முட்டை ஓட்டைக்கூட வாசலுக்குள் விடாத வீட்டையும் உங்கள் வீட்டையும் சேர்த்துக் கூட்டி வகுத்த தொகை இது.

மாட்டுக்கறி என்று வந்தால் இந்தச் சராசரி இன்னும் மோசமாக ஏமாற்றும். 2011-12இல் நடந்த இதே வகைச் செலவுக் கணக்கெடுப்பின்படி மாட்டிறைச்சியோ எருமை இறைச்சியோ உண்பவர்கள் சுமார் 8 கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடிப் பேர் இந்துக்கள். நாட்டின் மக்கள்தொகையோடு பார்த்தால் நூற்றுக்கு ஏழு பேர்கூடத் தேறாது. ஒரு பேச்சுக்கு, 100 வீட்டில் 7 வீடு மட்டும் மாதம் 1,400 ரூபாய்க்கு மாட்டுக்கறி வாங்குகிறது என்று வையுங்கள். மொத்தம் 9,800 ரூபாய். 100 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 98, ஐந்து பேர் குடும்பத்தில் ஆளுக்கு ஏறத்தாழ 20 ரூபாய். மாதம் 20 ரூபாய்க்கு மாட்டுக்கறி வாங்கும் ஆளை எந்தக் கறிக்கடை வாசலிலும் பார்க்க முடியாது. வாங்கும் வீடுகளை மட்டும் தனியே எடுத்து வகுத்தால்தான் உங்கள் சமையலறைக்குப் பக்கத்தில் வரும் தொகை கிடைக்கும். மாட்டுக்கறி பரவலாக உண்ணும் மேகாலயா, நாகாலாந்து, கேரளம் போன்ற மாநிலங்களை அகில இந்தியச் சராசரியோடு கலக்காமல் பார்க்க வேண்டியதும் இதனால்தான்.

இனி அந்தக் கணக்கெடுப்பின் படிவத்துக்கு வருவோம். ஆட்டுக்கறிக்கு ஒரு வரி, கோழிக்கு ஒரு வரி, பன்றிக்கு ஒரு வரி. மாட்டிறைச்சிக்கும் எருமை இறைச்சிக்கும் சேர்த்து ஒரே வரி. பசுவா, காளையா, எருமையா என்று அதில் கேள்வி இல்லை. ஆகவே, ‘இத்தனை பேர் பசு இறைச்சி தின்கிறார்கள்’ என்று யாராவது இந்தக் கணக்கைக் காட்டி மேடையில் முழங்கினால் நம்பாதீர்கள். அந்த வரியில் கடந்த 7 நாளில் எவ்வளவு, என்ன மதிப்பு, எப்படி வந்தது என்று எழுதுவார்கள். காசு கொடுத்து வாங்கியதா, வீட்டில் வளர்த்ததா, அன்பளிப்பாக வந்ததா?

இந்தக் கடைசிக் கேள்வி பக்ரீத் சமயத்தில் சுவாரசியமாகிவிடும். பலர் சேர்ந்து பலி கொடுக்கும் கூட்டுக் குர்பானியில் ஒரு மாட்டுக்கு ஏழு பங்கு வரை உண்டு. பங்கு போட்டவர் வீட்டிலிருந்து உங்களுக்கு இரண்டு கிலோ வருகிறது. உங்கள் பர்சிலிருந்து ஒரு காசு போகவில்லை. ஆனால் அந்த வாரம் கணக்கெடுப்பவர் வந்தால் உள்ளூர் விலை போட்டு அதையும் உங்கள் வீட்டு நுகர்வாகவே எழுதிக்கொள்வார். நேர்மாறாக, ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நாள் நோன்பில் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீட்டுக்குப் போனால், ஆண்டு முழுக்கக் கறி தின்னும் வீட்டில்கூடச் சைபர் விழலாம். ஆண்டு முழுக்கப் பரப்பிக் கணக்கெடுப்பதால் மொத்தத்தில் இது சரியாகிவிடும். தனி ஒரு வீட்டின் தாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஆம்பூர்க்காரருக்கு நான் பிரியாணியைப் பற்றிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் இந்தக் கணக்கில் அதற்கு முக்கியமான இடம் உண்டு. கடையில் வாங்கிய பீஃப் பிரியாணிப் பொட்டலம் மாட்டிறைச்சி வரிக்குப் போகாது. சமைத்த உணவு என்று வேறு தலைப்புக்குப் போய்விடும். பானங்கள், பலகாரம், பதப்படுத்திய உணவு, சமைத்த சாப்பாடு எல்லாம் சேர்ந்த அந்தப் பகுதி நகரத்துச் செலவில் 10.64 சதவீதம், முட்டை-மீன்-கறியைப்போல மூன்று மடங்கு. தள்ளுவண்டியில் விற்கும் பீஃப் வறுவலும், பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளும் சால்னாவும் அங்கேதான் கரைந்து கிடக்கின்றன. மாட்டிறைச்சி வரியிலிருந்து விடுபடுவதில் பெரும்பங்கு இங்கேதான் என்பது என் கணிப்பு.

சொல்லாமல் விடுவதும் உண்டு. பல மாநிலங்களில் பசுவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. அரசாங்கத் தாளோடு வந்து நிற்கிற ஆளிடம், அதுவும் வீட்டு ஓனர் மாடிப்படியில் காது கொடுத்து நிற்கும்போது, எத்தனை பேர் மனம்விட்டுச் சொல்வார்கள்?

செலவை வைத்து அளவை ஊகிப்பதிலும் ஒரு சிக்கல். பல ஊர்களில் மாட்டுக்கறி விலை ஆட்டுக்கறி விலையில் பாதிகூட வராது. ஒரே தொகைக்கு இரண்டு மடங்குக்கு மேல் கறி கிடைக்கும்போது ரூபாய்க் கணக்கில் மாட்டுக்கறி இளைத்துத்தான் தெரியும். உங்கள் வீட்டு நோட்டில் எழுதுவதானால் ரூபாயோடு கிலோவையும் எழுதுங்கள். பிரியாணிக் கடைக்குப் போன காசைத் தனி வரியில் போடுங்கள்.

அளவுக்கு மீறுகிறோமா என்று கேட்டீர்கள். வாரம் ஒரு கிலோவை 5 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 200 கிராம், அதுவும் எலும்போடு, பச்சைக் கறியாக. சிவப்பு இறைச்சியை வாரம் 350 முதல் 500 கிராமுக்குள், அதுவும் வெந்த எடையில், நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். நீங்கள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறியைக் குறைக்க வேண்டியதில்லை.