தாயக்கட்டைக்கு சார்ஜ் வேண்டாம்

கேள்வி: புயலில் கரண்ட் போனால் வீட்டில் பொழுதை எப்படிப் போக்குவது? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: எத்தனை நாளைக்கு என்று முதலில் கணக்குப் போடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கூப்பிடு தூரத்தில் நெய்வேலி அனல்மின் நிலையம் இருந்து என்ன, கம்பி அறுந்தால் அறுந்ததுதான். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவருக்கும் சில மணி நேரத்துக்குத்தான் நிம்மதி. ஆகவே முதல் நாளே படம் பார்த்து செல்போன் சார்ஜைக் கரைக்காதீர்கள். அது அவசரத்துக்கு இருக்கட்டும். செய்திக்கு பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் போதும்.

பொழுதுக்குத் தாயமும் பல்லாங்குழியும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதில் உட்காருமா என்பீர்கள். தனியாக உட்காராது, பெரியவர்கள் சேர்ந்து கொஞ்சம் அழுகுணி ஆட்டமும் ஆடினால், சண்டை போட்டுக்கொண்டாவது உட்காரும். புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தரையில் தேய்த்துத் தாயத்துக்குத் தயார் செய்வதிலேயே பாதி மாலை ஓடிவிடும். வெளிச்சத்துக்கு உங்கள் ஊர் செராமிக் அகல் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே, திரைச்சீலைக்கு எட்டாமல் வையுங்கள். ஜெனரேட்டரை மட்டும் வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.